தினமும் நூறு கிலோ

கோட்டைக்குப்பம்,
12.01.2025

தம்பி இளவழகனுக்கு,

செவ்வந்தி எழுதுகிறேன். உறையைப் பார்த்ததுமே கையெழுத்து தெரிந்திருக்கும். உனக்கு அ, ஆ எழுதச் சொல்லிக் கொடுத்த கை அல்லவா.

உன்னோடு பேசிப் பதினான்கு மாதம் ஆகிறது. இனியும் பேசுவதாக இல்லை. உன்னோடு வாய் திறந்து பேசமாட்டேன் என்று கங்கையம்மன் கோயிலில் கற்பூரம் அடித்துச் சொன்னேன். எழுதமாட்டேன் என்று சொல்லவில்லை. வாட்ஸப்பில் எழுதினால் அடுத்த நிமிஷமே போன் அடிப்பாய். அடிப்பதை நான் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். அந்தத் தொல்லை வேண்டாம் என்றுதான் தபாலில் எழுதுகிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். நம் இறால் விற்பனைக் குழுவுக்கு வேனும் ஐஸ் பெட்டியும் வாங்கிக் கொடுத்த அறக்கட்டளையிலிருந்து சோபியா என்று ஒரு பெண் வந்திருந்தாள். சின்ன வயசு. செருப்பைக் கழற்றி விட்டுச் சேற்றில் இறங்கினாள், அதனால் எனக்குப் பிடித்துப்போயிற்று. குழு ஏன் படுத்துவிட்டது என்று பார்த்து எழுதுவதுதான் அவள் வேலையாம். குழுவின் தலைவி என்பதால் என் கையில் ஒரு தாளைக் கொடுத்தாள். அதில் பெரிதாக இரண்டே கேள்விகள். ஒன்று, இந்த வியாபார உத்தி இந்த ஊருக்குப் பொருத்தமானதா. இரண்டு, அது சரியாக நிறைவேற்றப்பட்டதா.

உத்தி என்னுடையது இல்லை. நாற்பத்திரண்டு பக்கம் தட்டச்சு செய்து, அட்டை போட்டு, படம் ஒட்டி நீ கொண்டுவந்து கொடுத்தது. "தினமும் நூறு கிலோ" என்று அட்டையிலேயே போட்டிருந்தாய். பழவேற்காட்டு இறாலை இடையில் ஏஜெண்டு இல்லாமல், தரம் பிரித்து, ஐஸ் போட்டு, தினமும் நூறு கிலோ சென்னைக் கம்பெனிக்கு அனுப்புவது. கேட்க நன்றாகத்தான் இருந்தது. நானே கை தட்டினேன்.

இப்போது வேன் கோயிலுக்குப் பின்னால் நிற்கிறது, அதில் கோழி அடைகிறது. என் வீட்டுக்காரர், உன் மாமா, காசிமேட்டில் யாரோ ஒருவருடைய விசைப்படகில் ஆளாகப் போகிறார். சொந்த ஏரியில் அவர் வலை கட்டி இரண்டு மழைக்காலம் போயிற்று.

பங்குனிக்குள் பதில் கொடுக்க வேண்டும் என்று சோபியா சொல்லியிருக்கிறாள். எழுதியவன் நீ. பதிலையும் நீயே எழுது.

செவ்வந்தி



கோயம்புத்தூர்,
21.01.2025

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் இரண்டு நாள் பையிலேயே வைத்திருந்தேன். நீ எழுதியதே எனக்குப் பெரிது. வீட்டில் சந்தியாவிடம் காட்டினேன். "உங்க அக்கா திட்றதே அழகா இருக்குது" என்றாள்.

கேள்விகளுக்கு வருகிறேன். இந்த மாதிரி மதிப்பீட்டுப் படிவங்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன், பயப்பட ஒன்றுமில்லை. உத்தியையும் நிறைவேற்றத்தையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். உத்தி நல்லதாக இருந்து நிறைவேற்றம் சறுக்குவது எல்லா இடத்திலும் நடப்பதுதான்.

நம் உத்தி பொருத்தமானதுதான். சந்தையில் தேவை இருந்தது, கம்பெனி கையெழுத்துப் போட்டது, நம் ஊர் வெள்ளை இறாலுக்கு ஈடு வேறு ஏரியில் கிடையாது. சறுக்கியது நிறைவேற்றத்தில். சரக்கு வரத்தில் ஒழுங்கில்லை. ஐஸ் பராமரிப்பில் கவனம் போதவில்லை. உறுப்பினர்களிடையே ஒத்துழைப்புக் குறைந்தது. அதோடு, ஊர்ப் பஞ்சாயத்து போன்ற வெளிக்காரணங்களும் குறுக்கே வந்தன. இந்த மூன்று நான்கு வரியை அப்படியே எழுதிக் கொடுத்துவிடு. யார் பெயரையும் எடுக்க வேண்டாம். யாருக்கும் கெட்ட பெயர் வராது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். இப்போது நான் வேலை செய்யும் நிறுவனத்தில் நம் குழுவின் திட்டத்தைத்தான் முன்மாதிரியாக வைத்திருக்கிறோம். ஏரிக்கரையிலும் காயல்கரையிலும் உள்ள ஆறு ஊர்களுக்கு அதைக் கொண்டுபோகிறோம், பொறுப்பு என்னுடையது. திட்டமே தவறு என்று ஒரு தாள் எங்காவது இருந்தால் எனக்குச் சிக்கல். நீ அப்படி எழுதமாட்டாய் என்று தெரியும், இருந்தாலும் சொன்னேன்.

மாமா காசிமேட்டுக்குப் போவது எனக்குத் தெரியாது. வருத்தமாக இருக்கிறது.

உன் தம்பி,
இளவழகன்



கோட்டைக்குப்பம்,
03.02.2025

இளவழகனுக்கு,

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். முதல் தடவை கோபம் வந்தது. இரண்டாம் தடவை சிரிப்பு. மூன்றாம் தடவை கோபமே மறுபடியும் வந்தது, அதோடு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

ஒழுங்கில்லையாம், கவனமில்லையாம். கடலே இல்லாத ஊரில் உட்கார்ந்துகொண்டு எங்களுக்கு மீன் விற்கச் சொல்லித் தருகிற ஆளல்லவா, நீ சொன்னால் சரியாகத்தான் இருக்கும். ஆனால் இங்கே நடந்ததை ஒரு தடவை கேட்டுக்கொள்.

நீ எழுதியதை நாங்கள் ஒரு எழுத்துப் பிசகாமல் செய்தோம். அட்டைப் புத்தகத்தைப் பிளாஸ்டிக் பையில் போட்டு ஐஸ் பெட்டிக்கு மேலேயே ஆணியில் மாட்டி வைத்திருந்தேன். ஒரு கிலோவுக்கு நாற்பது இறாலுக்கு மேல் போகக்கூடாது என்றாய், எண்ணி எண்ணிப் போட்டோம். நான்கு மணிக்கு வேன் என்றாய், நான்கைத் தாண்டவிட்டதில்லை. நம் முறை நாளில் பிடித்ததைத்தானே மறுநாளும் அதற்கு மறுநாளும் அனுப்பியாக வேண்டும்? இறாலின் தலை கறுத்துவிடும் என்று பன்னிரண்டு பெண்கள் மாற்றி மாற்றி உட்கார்ந்து உருகின ஐஸை வடித்துப் புது ஐஸ் போட்டோம். என் விரல் நுனியெல்லாம் வெந்தது போல் தோல் உரிந்தது. அப்படியும் மூன்றாம் நாள் இறால் மூன்றாம் நாள் இறால்தானே. கம்பெனிக்காரன் பெட்டி பெட்டியாகத் திருப்பி அனுப்பினான்.

சோபியா இதையெல்லாம் கேட்டுவிட்டு, ஏன் புது இறாலையே தினமும் அனுப்பவில்லை என்று கேட்டாள். அவளுக்குப் பாடு என்றால் என்ன என்று தெரியாது. சொன்னேன். ஏரியில் முகத்துவாரத்துப் பக்கம் நல்ல இடமெல்லாம் மூன்று குப்பத்துக்கும் பொது. ஒரு நாள் ஒரு ஊர் வலை கட்டும், மறுநாள் அடுத்த ஊர், அதற்கடுத்த நாள் இன்னொரு ஊர். நம் முறை மூன்று நாளுக்கு ஒரு தடவை. அந்த நாளில் யார் எந்த இடத்தில் கம்பு நட வேண்டும் என்பது ஊர்ப் பட்டியலில் இருக்கும். பட்டியலில் பெயர் உள்ளவன்தான் பாட்டுக்காரன். முறை இல்லாத நாளில் அந்தத் தண்ணீரில் நம் வலை நனையக்கூடாது. இவ்வளவுதான் பாடு என்றேன்.

அவள் பையிலிருந்து உன் புத்தகத்தை எடுத்து முதல் பக்கத்திலிருந்து கடைசி வரை புரட்டினாள். "அக்கா, இதுல பாடுன்னு ஒரு வார்த்தைகூட இல்லையே, எழுதினவர் வெளியூரா?" என்று கேட்டாள்.

நான் என்ன சொல்லட்டும்? எழுதினவன் கோட்டைக்குப்பத்துப் பாட்டுக்காரன் மகன் என்றா? என் கூடப் பிறந்தவன் என்றா? தெரியாது என்று சொல்லிவிட்டேன். பொய் சொன்ன வாயை அம்மனிடம் போய்க் கழுவிக்கொண்டேன்.

உன் கல்யாணத்தன்று ஊரார் நோட்டைக் கொண்டுவந்து, மணமாகிவிட்டது, பட்டியலில் பெயர் எழுதலாமா என்று கேட்டார்கள். நீ சிரித்தாய். "எனக்கு இன்னாத்துக்கு, வேற யாருக்காவது கொடுங்க" என்றாய். பெற்ற நைனாவின் முகத்தை நீ பார்க்கவில்லை, நான் பார்த்தேன். அன்றைக்கு வேண்டாம் என்று சொன்னவன்தான் திட்டத்திலும் அதை வேண்டாம் என்று விட்டுவிட்டாயோ என்று இப்போது தோன்றுகிறது.

உன்னை மட்டும் சொல்லவில்லை. தோணிரேவுப் பக்கத்திலிருந்து காசியம்மாள் வருவாளே, கழுத்தளவுத் தண்ணீரில் உட்கார்ந்து கையால் தடவி இறால் பிடிக்கிறவள். அவள் ஆட்களுக்குப் பாடு கிடையாது. முறையும் கிடையாது. கரையோரத்தில் எந்த நாளும் இறங்கலாம். கம்பெனிக்குச் சரக்குப் போதாத நாளில் மூன்று தடவை கூடையோடு வந்து நின்றாள். உன் புத்தகத்தில் பதினேழாம் பக்கத்தில், உறுப்பினர் அல்லாதவரிடம் வாங்கக்கூடாது என்று இருந்தது. மூன்று தடவையும் நான்தான் திருப்பி அனுப்பினேன். மூன்றாம் தடவை அவள், "உயிரோட துள்ளுது, பாருங்கம்மா" என்றாள். பார்க்காமலே போகச் சொன்னேன். அந்த வெட்கம் எனக்கு இன்னும் தீரவில்லை.

அதனால் இரண்டாம் கேள்விக்குப் பதில் என்னிடம் இருக்கிறது. சரியாக நிறைவேற்றினோம். முதல் கேள்விக்குத்தான் உன்னிடம் கேட்கிறேன். ஒன்றே ஒன்று சொல். பாட்டை நீ மறந்து விட்டாயா?

செவ்வந்தி



கோயம்புத்தூர்,
14.02.2025

அக்கா,

அலுவலகத்தில் வேலை அதிகம். அதனால் தாமதம்.

இப்படிப்பட்ட திட்டங்களுக்கு ஒரு அமைப்பு இருக்கிறது. சந்தை, சரக்கு, போக்குவரத்து, ஆட்கள், ஆபத்துகள் என்று தலைப்புகள். பாட்டை எந்தத் தலைப்பில் வைப்பது என்பது ஒரு கேள்வி. ஊர் வழக்கங்கள் காலப்போக்கில் தேவைக்கு ஏற்ப வளைந்துகொடுக்கும் என்று நான் எதிர்பார்த்தேன். வரும்படி கண்ணுக்குத் தெரிந்தால் மூன்று குப்பமும் பேசி முறையை மாற்றிக்கொள்ளும் என்று நினைத்தேன். அது தவறாக இருக்கலாம். தவறு என்றே வைத்துக்கொள்.

சோபியாவிடம் எதுவும் சொல்ல வேண்டாம், கொஞ்சம் பொறு. ஆறு ஊர்த் திட்டம் அடுத்த மாதம் கையெழுத்தாகிறது.

மாமா எப்படி இருக்கிறார்? காசிமேட்டில் எங்கே தங்குகிறார்? சாப்பாட்டுக்கு என்ன செய்கிறார்? அவரிடம் நான் கேட்டதாகச் சொல்லாதே. சும்மா கேட்கிறேன்.

மறந்தேனா என்று கேட்டாய். அதற்கு இன்னொரு கடிதத்தில் எழுதுகிறேன்.

இளவழகன்



கோட்டைக்குப்பம்,
28.02.2025

இளவழகனுக்கு,

மாமா எப்படி இருக்கிறார் என்று கேட்டாயே, போன வாரம் இரண்டு நாள் வந்துவிட்டுப் போனார். வலது கையில் மூன்று விரல் கட்டுப் போட்டிருந்தது. விசைப்படகில் கயிறு சுற்றும் இயந்திரத்தில் மாட்டியதாம். எலும்புக்கு ஒன்றுமில்லை. அவருக்கு அந்த இயந்திரம் பழக்கமில்லை. ஏரியில் கம்பு நட்டு வலை கட்டுகிறவனைக் கொண்டுபோய் அங்கே நிறுத்தினால் வேறு என்ன நடக்கும். படகிலேயே படுக்கிறார், படகிலேயே சாப்பிடுகிறார். நீ கேட்டதாக நான் சொல்லவில்லை. உன் பேச்சே எடுக்கவில்லை, அவரும் எடுக்கவில்லை.

வரதன் மாமாவை ஊர்த் தலைவராக்கி நான்கு வருஷமாகிறது, உனக்குத் தெரியும். இவர் இருந்த அன்று அவர் நம் வீட்டுக்கு வந்தார். சித்திரை முதல் ஞாயிறு, ஏப்ரல் இருபதாம் தேதி, புதுப் பட்டியல் எழுதுகிறார்கள். போன வருஷப் பட்டியலில் தினகரன் என்று இவர் பெயர் இல்லை. இந்த வருஷமும் விடுபட்டால், இரண்டு பட்டியல் தொடர்ந்து விடுபட்ட இடம் வேறு ஆளுக்குப் போய்விடும். அப்புறம் எக்காலத்திலும் திரும்பாது. வரதன் மாமா இவரைப் பக்கத்தில் உட்கார வைத்துத் தணிவாகத்தான் கேட்டார். "நீயா போய் கட்ற ஆளு இல்ல தினகரா. யார் சொல்லி கட்டின, அத சபையில சொல்லு. சொன்னா பேரை எழுதிர்றேன்." இவர் தரையைப் பார்த்துக்கொண்டு, யாரும் சொல்லவில்லை, ஆர்டர் இருந்தது, நான்தான் கட்டினேன் என்றார். பதினைந்து மாதமாக அதே வார்த்தைதான்.

இவர் வலை கட்டிய அந்த நாளை நீ பார்க்கவில்லை, அதனால் எழுதுகிறேன். அது நம் முறை நாள் இல்லை. பக்கத்து ஊர்க்காரர்கள் தங்கள் இடத்துக்குப் போனபோது அங்கே ஏற்கெனவே இவருடைய வலை நின்றிருக்கிறது. அவர்கள் கத்தவில்லை, வலையை அறுக்கவில்லை. கம்புகளைப் பிடுங்கி, வலையைச் சுருட்டி, இறாலோடு தோளில் சுமந்து வந்து நம் கோயில் வாசலில் இறக்கி வைத்துவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் போனார்கள். அதைவிட அடித்திருக்கலாம். ஊரே நின்று பார்த்தது. யாரும் ஒரு இறாலைத் தொடவில்லை. வெயில் ஏற ஏற அங்கேயே நாறிப்போயிற்று. நான்கு மணிக்கு வேன் வந்தது, நீ எழுதி வைத்தபடியே, ஒரு நிமிஷம் தவறாமல். அன்றைக்கு ஏற்ற ஒன்றுமில்லை.

அன்று உனக்குப் போன் செய்து சொன்னேன். நீ என்ன சொன்னாய்? ஊர்க்காரர்கள் உலகம் தெரியாதவர்கள் என்றாய். சரி, அதை விடு. "மாமாவும் கொஞ்சம் யோசிச்சிருக்கலாம்" என்றாய். அந்த ஒரு வார்த்தைக்குத்தான் கற்பூரம் அடித்தேன்.

இப்போது என் மனசில் ஒன்று அரித்துக்கொண்டே இருக்கிறது. வலை கட்டியதற்கு முந்தின நாள் சாயங்காலம் இவர் போனை எடுத்துக்கொண்டு படகுத்துறைப் பக்கம் போனார். வீட்டில் பேசுகிற மனிதர், அன்றைக்கு வெளியே போனார். திரும்பி வந்து சாப்பாடு வேண்டாம் என்றார். அப்போது நான் அதை நினைத்துப் பார்க்கவில்லை. மாமாவைப் பற்றிச் சும்மா கேட்பதாக எழுதியிருந்தாயே, அதைப் படித்த பிறகுதான் ஞாபகம் வந்தது.

அன்றைக்குப் பேசியது நீதானா?

இன்னொரு சேதியும் இருக்கிறது, கோபத்தில் விட்டுவிடப் பார்த்தேன். காசியம்மாள் வீட்டுக்கு நானே போனேன். மன்னிப்புக் கேட்டேன். அவள் ஒரு மாதிரி பார்த்துவிட்டு உட்காரப் பாய் போட்டாள். நம் முறை நாளில் வலை இறால், மற்ற இரண்டு நாளும் அவர்கள் கை இறால் என்று பொன்னேரியில் ஒரு சாப்பாட்டுக் கடைக்குக் கொடுத்துப் பார்க்கிறோம். எவ்வளவு கிடைக்கும் என்று அந்தக் கடைக்காரர் கேட்டதற்கு, "தண்ணி குடுக்கறது வரும்" என்றாள் காசியம்மாள். அவர் ஒத்துக்கொண்டார். கடைச் சுவரில் நம் முறை நாளைக் காலண்டரில் சிவப்பு மையால் வட்டம் போட்டு வைத்திருக்கிறார். சின்ன வியாபாரம்தான். இருபது கிலோ, முப்பது கிலோ. ஒரு பெட்டியும் இதுவரை திரும்பி வரவில்லை.

செவ்வந்தி



கோயம்புத்தூர்,
12.03.2025

அக்கா,

நான்தான்.

இந்த ஒரு வார்த்தையை எழுத ஒரு வாரத்துக்கு மேல் ஆயிற்று. மாமாவின் விரலைப் பற்றி நீ எழுதியிருக்காவிட்டால் இன்னும் நாளாகியிருக்கும், அல்லது எழுதாமலே போயிருப்பேன். என்னைப் பற்றி எனக்கே அவ்வளவுதான் நம்பிக்கை.

அன்று மதியம் கம்பெனியிலிருந்து எனக்குப் போன் வந்தது. ஏற்கெனவே இரண்டு நாள் சரக்குக் குறைந்திருந்தது. மூன்றாம் தடவை குறைந்தால் ஒப்பந்தம் ரத்து என்று அதில் இருந்தது, அந்த வரிக்கு ஒத்துக்கொண்டதும் நான்தான். புது வேலைக்கு நேர்முகத்தேர்வு முடிந்து முடிவுக்குக் காத்திருந்த வாரம் அது. நம் திட்டம் வெற்றி என்று அவர்களிடம் சொல்லியிருந்தேன். உன்னிடம் சொன்னால் முடியாது என்பாய் என்று தெரியும். அதனால் மாமாவைக் கூப்பிட்டேன்.

மாமா, நாளைக்கு நம் முறை இல்லை என்றார். ஒரு தடவைதான் என்றேன். அப்போது நான் சொன்னதை எழுதுகிறேன், எழுதினால்தான் எனக்கு ஆறும். "ஏரியில யாரு மாமா கோடு போட்டு வச்சிருக்காங்க? போய்க் கட்டுங்க, நான் பாத்துக்கறேன்" என்று சொன்னேன். அவர், "நீ படிச்சவன், சொல்ற, சரி" என்று வைத்துவிட்டார். நான் பார்த்துக்கொள்ளவில்லை. மறுநாள் நீ அழுதுகொண்டு சொன்னபோது, மாமா யோசித்திருக்கலாம் என்று சொன்னேன். அவர் என் பெயரைச் சொல்லியிருப்பாரோ என்று பயந்து, முந்திக்கொண்டு சொன்னேன். அவர் சொல்லவில்லை என்று தெரிந்தபோது நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதிதான் இப்போது என்னைத் தூங்கவிடவில்லை.

பாட்டை மறந்தேனா என்று கேட்டாய். மறக்கவில்லை. முதலில் எழுதிய திட்டத்தில் பாட்டைப் பற்றி ஒரு பக்கம் முழுக்க இருந்தது. ஒன்பதாம் பக்கம். நைனா சொன்னதையெல்லாம் நினைத்து நினைத்து எழுதினேன், அந்தப் புத்தகத்திலேயே நன்றாக வந்த பக்கம் அதுதான். கம்பெனி மேலாளர் படித்துவிட்டு, மூன்று நாளுக்கு ஒரு நாள்தான் சரக்கு என்றால் எங்களுக்கு எதற்கு இந்த ஊர் என்றார். வீட்டுக்கு வந்து அந்தப் பக்கத்தை எடுத்துவிட்டேன். எடுத்த பிறகு திட்டம் சுத்தமாக இருந்தது. எல்லாக் கணக்கும் பொருந்தியது. படிப்பவர்கள் எல்லாரும் பாராட்டினார்கள்.

இந்தக் கடிதத்தோடு சோபியாவுக்கு நான் எழுதிய பதிலின் நகல் இருக்கிறது. அறக்கட்டளை முகவரியை இணையத்தில் பார்த்து நேற்றே அனுப்பிவிட்டேன். உத்தி பொருத்தமானதா? இல்லை. எழுதியவனுக்கு அது தெரிந்திருந்தது. சரியாக நிறைவேற்றப்பட்டதா? ஆம், மிகச் சரியாக. கேடு அதனால்தான் வந்தது. இரண்டு வரிதான் அக்கா. அவற்றை எழுதியதும் எடுத்துப்போட்ட ஒன்பதாம் பக்கத்தையும் தேடி எடுத்துப் பின்னால் இணைத்தேன்.

ஆறு ஊர்த் திட்டத்தை நிறுத்த வேண்டும் என்று அலுவலகத்தில் சொன்னேன். ஒவ்வொரு ஊரிலும் பாடு மாதிரி ஏதாவது இருக்கும், அதைக் கேட்காமல் போகக்கூடாது என்றேன். திட்டத்தை நிறுத்தவில்லை, என்னை அதிலிருந்து எடுத்துவிட்டார்கள். வேலை இருக்குமா என்பது மாதக் கடைசியில் தெரியும். ஊருக்குப் போய்விட்டு வாருங்கள் என்று சந்தியா சொன்னாள்.

ஏப்ரல் இருபது, சித்திரை முதல் ஞாயிறு. சபைக்கு வருகிறேன். நீ பேச வேண்டாம். சத்தியம் சத்தியமாகவே இருக்கட்டும். நான் பேசுவதைக் கேட்க நீ அங்கே இருந்தால் போதும்.

இளவழகன்



கோட்டைக்குப்பம்,
23.04.2025

இளவழகா,

நீ வந்ததையும் பார்த்தேன், போனதையும் பார்த்தேன். நடுவில் நடந்ததைத்தான் நீ பார்க்கவில்லை. உன்னை யார் அவசரப்பட்டுப் பேருந்து ஏறச் சொன்னது?

உன் மார்ச் மாதக் கடிதத்துக்கு நான் பதில் போடவில்லை. போட முடியவில்லை. படித்ததும் அடுப்பில் போடப் போனேன், போடாமல் மடித்து அரிசிப் பானைக்குள் வைத்தேன். இவர் ஊருக்கு வந்ததும் கையில் கொடுத்தேன். மெதுவாக முழுசும் படித்தார். "எழுதிட்டானா" என்று மட்டும் கேட்டார். ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்று நான் சண்டை பிடித்தேன். அவன் சின்னப் பையன் இல்லை, அவனே சொல்லட்டும் என்று இருந்தேன் என்றார். உன்மேல் எனக்கு இருந்த கோபத்தில் பாதி அவர்மேல் திரும்பிவிட்டது. இரண்டு பேரும் சேர்ந்து என்னை முட்டாளாக்கியிருக்கிறீர்கள்.

சபையில் நீ பேசியபோது பெண்கள் பக்கத்தில் நின்றேன். ஒன்றையும் விடவில்லை, போனில் சொன்னதைக்கூட அப்படியே சொன்னாய். ஏரியில் யார் கோடு போட்டது என்று நீ சொன்னதும் கிழவர்கள் இரண்டு பேர் எழுந்து நின்றார்கள். நான் வாயைத் திறந்திருப்பேன், கற்பூரம் தடுத்தது. பக்கத்து ஊரிலிருந்து கேட்க வந்திருந்தவர்கள் தலையை ஆட்டினார்கள். அதை நீ கவனித்தாயா?

பட்டியலில் இல்லாதவர்கள் வெளியே இருங்கள் என்று வரதன் மாமா சொன்னது வழக்கமாகச் சொல்வது. பேர் எழுதும்போது பாட்டுக்காரர்கள் மட்டும்தான் உட்கார வேண்டும். உன்னைத் துரத்தினார்கள் என்று நினைத்து நீ பையைத் தூக்கிக்கொண்டு பொன்னேரிப் பேருந்தில் ஏறிவிட்டாய். இறால் குழம்பு வைத்திருந்தேன். பேசாமல் பரிமாறலாம் என்று இருந்தேன்.

உள்ளே நடந்ததை இவர் வந்து சொன்னார். தினகரன் பெயரை எழுதுவதில் யாருக்கும் மறுப்பில்லை, உடனே எழுதினார்கள். ஆனால் முறை மீறின குற்றம் அப்படியே நிற்கிறது. அதை யார் தலையிலாவது வைக்க வேண்டும், இல்லாவிட்டால் பக்கத்து ஊருக்கு என்ன பதில்? செய்யச் சொன்னவன் இளவழகன், அவனை ஒரு வருஷம் பாட்டை விட்டுத் தள்ளி வை என்றார்கள். வரதன் மாமா நோட்டைப் புரட்டிப் பார்த்திருக்கிறார். உன் பெயர் எங்கே இருக்கிறது? கல்யாணத்தன்று வேண்டாம் என்று சிரித்தவன் அல்லவா நீ. ரொம்ப நேரம் பேச்சாக இருந்ததாம். கடைசியில் வரதன் மாமா, "பேரே இல்லாதவன இன்னாத்துலருந்துடா தள்ளி வைக்கிறது? முதல்ல பேரை எழுது" என்றாராம்.

எழுதிவிட்டார்கள். நான் போய் என் கண்ணால் பார்த்தேன். அறுபத்து மூன்று பெயர், கடைசிப் பெயர் உன்னுடையது. நைனா பெயர் போட்டு, இளவழகன் என்று தெளிவாக எழுதியிருக்கிறது. பக்கத்தில் சிவப்பு மையில், இந்த வருஷம் பாடு இல்லை என்று இருக்கிறது. பக்கத்து ஊர்க்காரர்கள் ஒத்துக்கொண்டு போனார்கள்.

நைனாவிடம் சொன்னேன். சாயங்காலம் பார்த்தால் பரணிலிருந்து வலைக் கம்புகளை இறக்கி வெயிலில் சாய்த்து வைத்திருந்தார். இவருடைய கம்புகள் வேறு இடத்தில் இருக்கின்றன. நைனா இறக்கியவை உனக்கு.

சோபியா போன் செய்தாள். உன் ஒன்பதாம் பக்கத்தைப் படித்துவிட்டு, இதை எழுதினவர் நிச்சயம் இந்த ஊர்க்காரர்தான் என்றாள். இந்தத் தடவை ஆமாம், என் தம்பி என்றேன்.

பூசாரியிடம் கற்பூரத்தைப் பற்றிக் கேட்டேன். மறுபடி ஒன்று ஏற்றி, அம்மனிடம் சொல்லிவிட்டால் தீர்ந்தது என்றார். நீ வருகிற அன்றைக்கு ஏற்றலாம் என்று இருக்கிறேன், அதுவரை எழுது. அடுத்த சித்திரையில் உன் சிவப்பு மை அழிந்துவிடும், முறை வரும். வேலை இருக்கிறதோ இல்லையோ, முறை நாளில் பாட்டுக்காரன் தண்ணீரில் நின்றாக வேண்டும். கம்பு நடத் தெரியுமா உனக்கு?

அக்கா,
செவ்வந்தி